தோள் சத்திரசிகிச்சைக்குப் பிறகு 12 போர் துவக்கு: சில போகங்கள் பாவித்த அனுபவம்

நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பளைப் பக்கம் உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்ஸும் செய்கிறவர்களுக்குக் காட்டுப் பன்றியின் தொல்லையை நான் விளக்கத் தேவையில்லை. கிழங்கு பருக்கிற நேரம் பார்த்து ஒரு கூட்டம் இறங்கினால், விடியும்போது பாத்தி முழுக்க உழுது போட்ட மாதிரிக் கிடக்கும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதிப்பத்திரம் எடுத்துத் துவக்கு வைத்திருக்கிற விவசாயிகளில் நானும் ஒருவன். வலது தோளில் தசைநார் கிழிந்து சத்திரசிகிச்சை செய்த பிறகு, உதை (வெடிக்கும்போது துவக்கு தோளைப் பின்னுக்குத் தள்ளுவது) குறைந்த 12 போர் துவக்காகத் தேடி ஒன்றை எடுத்தேன். போர் என்பது குழலின் அகலத்தைச் சொல்லும் அளவு. அதைச் சில போகங்கள் பாவித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தோளைப் பற்றி. கிழிந்த தசைநாரை எலும்போடு சேர்த்துத் தைத்தால் அது ஒட்டிப் பிடிக்கவே சுமார் மூன்று மாதம் வேண்டும். ஆரம்பத்தில் நாலு முதல் ஆறு வாரம் கை தூளியில். பாரம் தூக்கிப் பயிற்சி செய்வது அதற்கும் வெகு பிறகுதான். "ஆறு மாசத்துக்குத் துவக்கைத் தொடவே வேணாம், அதுக்குப் பிறகும் என்னிடம் காட்டிவிட்டுத்தான்" என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வலி போய்விட்டது என்பதை வைத்து யாரும் முடிவெடுக்காதீர்கள். வலி முதலில் போகும், பலம் பிறகுதான் வரும். அந்த மாதங்களில் லைட்டும் தகரமும் நாயும் வைத்துத்தான் சமாளித்தோம். துவக்கு அனுமதி என் பெயரில் இருப்பதால் மகனிடம் கொடுத்து அனுப்பவும் முடியாது.

கம்பிச் சுருக்குப் போடச் சொன்னவர்களும் உண்டு. அதை நான் ஒருபோதும் செய்ய மாட்டேன். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது எங்கள் எல்லாருக்கும் தெரியும். சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. மரையும் மானும் தோட்டத்துக்குள் வந்தாலும் அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. துவக்கு அவற்றின் பக்கம் திரும்பவே கூடாது.

சரி, துவக்குக்கு வருவோம். தோள் வலி என்றதும் எல்லாரும் சொல்லும் யோசனை, "பாரம் குறைஞ்சதா எடுங்க" என்பதுதான். தூக்குவதற்கு அது சரி, சுடுவதற்குச் சரியில்லை. அதே தோட்டாவைப் போட்டால் பாரம் குறைந்த துவக்குத்தான் கூடுதலாக உதைக்கும். 32 கிராம் சன்னம் (உள்ளே இருக்கும் ஈயக் குண்டுகள்) உள்ள தோட்டாவை 2.7 கிலோ ஒற்றைக்குழலில் வெடித்தால் உதை கிட்டத்தட்ட 38 ஜூல். அதையே 3.4 கிலோ இரட்டைக்குழலில் வெடித்தால் சுமார் 30. தோட்டாவை 24 கிராமாகக் குறைத்தால் 20க்குக் கிட்ட வந்துவிடும். தோட்டாவின் வேகத்தைப் பொறுத்து இந்தக் கணக்கு கூடும் குறையும், ஆனால் உதை பாதியாகிறது என்பது தோளுக்கு நன்றாகவே தெரிகிறது.

கனடாவில் இருக்கிற என் மச்சான் அங்கே அனுமதி எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர். "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா, .243 ரைஃபிள் ஒண்டு இருந்தா உங்களுக்குக் கவலையே இல்லையே" என்று சொன்னார். அங்கே அது உண்மை. .243 வின்செஸ்டரின் உதை 12 ஜூல் அளவுதான், அதைவிடப் பெரிய .308 ரைஃபிளின் உதையில் பாதி. தோளில் கத்தி பட்டவர்கள் அந்த நாடுகளில் .243ஐயோ 6.5 கிரீட்மூர் ரைஃபிளையோ எடுப்பது நியாயமான தெரிவு. எங்கள் பக்கம் விவசாயியின் கையில் இருப்பது 12 போர்தான், அதற்குள்ளேதான் வழி தேட வேண்டும். 12ஐ விடக் குழல் ஒடுங்கிய 20 போரையும் யோசித்துப் பார்த்தேன். பேர்தான் சின்னது, துவக்கும் பாரம் குறைந்தது என்பதால் 28 கிராம் தோட்டா போட்டால் பாரமான 12 போரை விட மெதுவாக உதைக்கும் என்று சொல்ல முடியாது. தோட்டா தேடி அலைவது வேறு.

கடைசியில் எடுத்தது ரஷ்யத் தயாரிப்பான பைகால் இரட்டைக்குழல், பழையது, பாரமானது. பாரத்தைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. ஏனென்றால் அதை நான் தூக்கிப் பிடிப்பதே குறைவு. காவல் குடிலில் உரப்பையில் மணல் நிரப்பி, குழலின் முன்பக்கக் கட்டையை அதில் வைத்துவிடுவேன். நடக்கும்போது வார் இடது தோளில். தூக்கும் வேலையை மணல் பை பார்த்துக்கொள்கிறது, உதையைத் துவக்கின் பாரம் வாங்கிக்கொள்கிறது. தோள் சரியில்லாதவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாரமான துவக்கு, சின்னத் தோட்டா, முன்னுக்கு ஒரு தாங்கு. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டால் பெரிய பலன் இல்லை.

அப்புறம் இருக்கிற விதம். நிமிர்ந்து இருந்து சுட்டால் உடம்பு கொஞ்சம் பின்னுக்குப் போய் உதையை விட்டுக்கொடுக்கும். குப்புறப் படுத்துச் சுட்டால் உடம்புக்குப் போக இடமில்லை, முழுவதும் தோளிலேயே இறங்கும். படுத்துச் சுடுவதை அடியோடு விட்டுவிடுங்கள்.

தோளில் வைக்கிற மரப்பகுதியான பிடங்குதான் நான் அதிகம் மினக்கெட்ட இடம். எனக்கு வந்த துவக்கின் பிடங்கு நீளம். நீளமான பிடங்கு தோளின் உட்குழியில் உட்காராமல் வெளியே தள்ளி, மூட்டின் மேலேயே உட்காரும். தைத்த இடமும் அதுதான். தச்சரிடம் கொடுத்து மரத்தை அறுத்து, அந்த அளவுக்குத் தடித்த றப்பர் வைத்தேன். அறுக்காமல் றப்பரை மட்டும் ஒட்டினால் நீளம் இன்னும் கூடிவிடும், கவனம். இன்னொரு விஷயம், எங்கள் ஊர்க் குளிர். ஜனவரி இரவில் சுவெட்டர், அதற்கு மேல் ஜாக்கெட் என்று போட்டால் அதுவே ஒரு விரல் தடிப்பு. ஆகவே குளிருக்கு உடுக்கிற உடுப்போடு போய் அளவு எடுங்கள். புது றப்பர் கம்பளி உடுப்பில் பிடித்து இழுக்கும். மேல் விளிம்பில் மெல்லிய தோல் துண்டு ஒட்டிய பிறகு வழுக்கிக்கொண்டு போய்ச் சரியான இடத்தில் உட்காருகிறது.

தோட்டா போடத் துவக்கை நடுவில் மடக்கித் திறப்பது எனக்கு இன்னும் சிரமம்தான். திறக்கும்போதே உள்ளே சுத்தியல் ஏறுகிற அமைப்பு என்பதால் கை பலம் கேட்கும். பிடங்கைத் தொடையில் ஊன்றி, இடது கையால் குழலைக் கீழே அமத்தினால் வலது தோள் தப்பிக்கும். இருட்டில் செய்யப் பழகிக்கொள்ள வேண்டும்.

இடது தோளுக்கு மாறலாமே என்று கேட்பார்கள். இடது கண் முந்துகிறவர் என்றால் தாராளமாக மாறுங்கள். தூரத்தில் ஒரு கம்பத்தை விரலால் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் விலகாமல் நிற்கிறதோ அதுதான் முந்தும் கண். எனக்கு வலது. லைட் வெளிச்சத்தில் இடது பக்கம் குறி பிடிப்பது சரிவரவில்லை.

காதுக்கு அடைப்பான் போடுவது தோளுக்கும் உதவும் என்று முதலில் நம்பவில்லை. ஆனால் சத்தத்துக்குப் பயந்துதான் உடம்பு முன்கூட்டியே விறைக்கிறது, விறைத்த தோளில் உதை கூடுதலாக நோகும். இப்போது அடைப்பான் இல்லாமல் விசையில் விரல் வைப்பதில்லை.

தோட்டா விஷயத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. 24 கிராம் சின்னச் சன்னம் பழகுவதற்கும், மண் அணையில் வெடித்துக் கூட்டத்தைக் கலைப்பதற்கும் மட்டும். பன்றியை அதனால் சுட்டால் காயத்தோடு ஓடிப் போய்த் துடித்துத்தான் சாகும், அது பாவம். அதற்குப் பெரிய சன்னம் உள்ள எஸ்.ஜி. தோட்டாதான், அதுவும் 30 மீட்டருக்குள். எஸ்.ஜி. சன்னம் பல நூறு மீட்டர் போகும், கீழே லயங்கள் இருக்கின்றன, விடியற்காலை ஆட்கள் நடமாடும் பாதை இருக்கிறது. பின்னால் மண் மேடு இல்லாத திசையில் நான் சுடுவதே இல்லை. எஸ்.ஜி. போட்டால் உதையும் கூடும், ஆனால் ஓர் இரவில் ஒன்றுக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம், அந்த அளவைத் தோள் தாங்குகிறது.

நீண்ட நாள் பாவனையில் தோள் எப்படி என்றால், சுட்ட அன்று ஒன்றும் தெரியாது, அடுத்த நாள் இரவு அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் தெரியும். அதைத்தான் அளவாக வைத்திருக்கிறேன். இரவில் நொந்தால் வலி அடங்கும்வரை துவக்கை எடுப்பதில்லை. இயன்மருத்துவர் சொல்லிக் கொடுத்த றப்பர் பட்டிப் பயிற்சியை இன்னும் விடவில்லை, விட்ட வாரங்களில் உதை கூடின மாதிரி இருக்கும். றப்பர் மட்டும் குளிருக்கு இறுகி ஓரத்தில் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. டிசம்பரில் அனுமதியைப் புதுப்பிக்க மாவட்டச் செயலகத்துக்குப் போகும் முன் தச்சரிடம் கொடுத்து மாற்ற வேண்டும்.