இறக்கை வடிவ கிரிப்: ஹைப்ரிட் சைக்கிளுக்கு வாங்கலாமா?

விடியற்காலையில் திருவான்மியூரில் கிளம்பி கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் பக்கம் போகிற ஹைப்ரிட் சைக்கிள்காரர்களைக் கவனித்தால், முட்டுக்காடு பாலம் வருவதற்குள் பாதிப் பேர் ஒரு கையை எடுத்து உதறிக்கொண்டிருப்பார்கள். விரல் மரத்துப்போகிறது என்று கடையில் சொன்னால் இரண்டு பொருளைக் காட்டுவார்கள். ஒன்று ஜெல் கையுறை. மற்றொன்று பின்பக்கம் அகலமாக இறக்கை போல நீண்டிருக்கும் கிரிப், அதாவது ஹேண்டில்பாரின் முனையில் மாட்டும் கைப்பிடி. இரண்டாவதைப் பற்றியதுதான் இந்த விமர்சனம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பொருள் நல்லது, ஆனால் முதலில் வாங்க வேண்டியது இது இல்லை. சீட்டும் ஹேண்டில்பாரும் சரியான இடத்தில் இருந்தால் இது நன்றாக வேலை செய்யும். அவை தப்பாக இருந்தால் வலி உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். இன்னொன்று, எந்த விரல் மரத்துப்போகிறது என்று தெரியாமல் இதை வாங்கவே கூடாது.

சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போனால் அமுங்குவது அல்நார் நரம்பு. உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டு விரல் பக்கமாக, ஒரு குறுகிய வழியில் அது நுழைகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் கியோன் 1861ல் விவரித்ததால் அதற்கு கியோன் கால்வாய் என்று பெயர். நேர் ஹேண்டில்பாரின் வட்டக் குழாய் மீது உடம்பின் பாரத்தைப் போட்டால், அந்தப் பாரம் முழுக்க இந்த இடத்தில் ஒரு கோடாக இறங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் கதை வேறு: அது மீடியன் நரம்பு. மணிக்கட்டின் நடுவில் கார்ப்பல் டனல் வழியாக வரும் நரம்பு அது. அங்கே பிரச்சினை பெரும்பாலும் மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தே இருப்பதால் வருகிறது. இறக்கை கிரிப் முதல் வகைக்காகச் செய்யப்பட்டது. பாரத்தை ஒரு கோட்டிலிருந்து எடுத்து உள்ளங்கை முழுக்கப் பரப்புவதுதான் அதன் வேலை. இரண்டாவது வகைக்கும் உதவும், ஆனால் மாட்டும் கோணம் பிசகினால் மோசமாக்கிவிடும்.

வண்டியை விட்டு இறங்கி சில மணி நேரம் ஆன பிறகும் மரப்பு தீராவிட்டாலோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தைப் பிடித்து மற்றவர் இழுக்கும்போது கட்டைவிரலின் நுனி மூட்டு தானாக மடிந்தாலோ, கிரிப் தேடுவதை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நரம்பு சீக்கிரம் பாதிக்கும், அவர்கள் அவ்வளவு நேரம் காத்திருக்கவும் வேண்டாம்.

சரி, பொருளுக்கு வருவோம். இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியது ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்து எர்கான் நிறுவனம். ஜிபி1 என்பது அதன் அடிப்படை மாடல். கை அளவுக்கு ஏற்ப ஸ்மால், லார்ஜ் என இரண்டு அளவில் கிடைக்கும். ஜிபி2 தொடங்கி ஜிபி5 வரை, முனையில் கையை மாற்றிப் பிடிக்க ஒரு கொம்பும் சேர்ந்திருக்கும், எண் கூடக் கூடக் கொம்பு நீளும். இதே வடிவத்தில் பெயர் தெரியாத நகல்கள் ஆன்லைனில் ஏராளம், விலையும் பல மடங்கு குறைவு. நகல் என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விஷயத்தைப் பார்த்து வாங்குங்கள். கிரிப்பைக் குழாயோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வளையம் அலுமினியமா, பிளாஸ்டிக்கா? பிளாஸ்டிக் என்றால் வேண்டாம். இறக்கையைக் கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகிறதா? அதுவும் வேண்டாம். மெத்தை போல இருந்தால் சுகம் என்று நினைப்போம். ஆனால் மென்மையான இறக்கை பாரத்தில் வளைந்து, உள்ளங்கையை மறுபடியும் அதே குழாய் மீது கொண்டுபோய் வைக்கும். மேல்பரப்பு ரப்பராகவும் உள்ளே கெட்டியாகவும் இருப்பதே நல்லது.

வாங்குவதற்கு முன் காசில்லாமல் செய்ய வேண்டியவை மூன்று. சீட்டின் மேல் ஒரு நேர்ப் பலகையை வைத்து, போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதியால் அளந்து பாருங்கள். சீட்டின் முன்முனையான மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைத் தடுப்பது உங்கள் இரண்டு கைகள்தான். மட்டமாக வைத்துவிட்டு, அப்போதும் கையில் பாரம் தெரிந்தால் சீட்டை 5 மி.மீ. பின்னால் தள்ளுங்கள். உடம்பின் பாரம் பெடல் பக்கம் போகும். அதே சமயம் ஹேண்டில்பாரும் 5 மி.மீ. தூரமாகும் என்பதால், எட்டிப் பிடிக்கும்போது முழங்கை நேராக விறைத்துக்கொண்டால் அந்தத் திருத்தம் உங்களுக்கு ஆகாது, குட்டையான ஸ்டெம் (ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டு) தேவை. மூன்றாவது காற்று. பஞ்சர் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் கல் மாதிரி அடித்துக் கொடுப்பார்கள். 35 மி.மீ. டயரில் 70 கிலோ எடையுள்ளவருக்கு 45 முதல் 55 பி.எஸ்.ஐ. போதும், முன் டயரில் பின்னதைவிடச் சற்றுக் குறைவாக. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். முன் டயரில் 20 பி.எஸ்.ஐ. குறைத்தால் கைக்கு வரும் அதிர்வில் தெரியும் வித்தியாசத்துக்கு எந்த கிரிப்பும் ஈடில்லை.

இவ்வளவும் செய்தபின் சுண்டு விரல் இன்னும் மரத்தால், கிரிப் வாங்குங்கள்.

மாட்டுவதில்தான் எல்லாமே இருக்கிறது. பழைய ரப்பர் கிரிப்பைக் கழற்ற, மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை உள்ளே நுழைத்துச் சோப்புத் தண்ணீரை விட்டுச் சுழற்றினால் வந்துவிடும். எண்ணெய் வேண்டாம், பிறகு புது கிரிப் நிற்காது. பழையதைத் திரும்பப் பயன்படுத்தப்போவதில்லை என்றால் கத்தியால் நீளவாக்கில் அறுத்து எடுப்பது எளிது. குழாயை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள்.

அடுத்து இடம். இறக்கை கிரிப்புகள் சாதாரண ரப்பர் கிரிப்பைவிட நீளமாக இருக்கலாம். முழுதாக உள்ளே ஏறவில்லை என்றால் பிரேக் லீவர், கியர் ஷிஃப்டர் இரண்டின் கிளாம்ப்களையும் ஆலன் கீயால் தளர்த்தி உள்பக்கம் நகர்த்த வேண்டும். மணி, லைட், போன் ஹோல்டர் என்று ஹேண்டில்பாரை நிறைத்து வைத்திருப்பவர்கள் இங்கே திண்டாடுவார்கள். மணியை மட்டும் கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்திலேயே வையுங்கள், சென்னைச் சாலையில் பிரேக்குக்கு அடுத்தபடி அதுதான் வேலை செய்கிறது. கையால் சுழற்றுகிற கியர் இருக்கும் சைக்கிளுக்கு அந்தப் பக்கம் குட்டையாக இருக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ஜோடி அதில் பொருந்தாது.

லீவரை நகர்த்தும்போதே அதன் சாய்வையும் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து விரல்களை லீவர் மேல் வைத்தால் முழங்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கடையிலிருந்து வரும் வண்டிகள் பலவற்றில் லீவர் தரைக்கு ஏறக்குறைய இணையாக இருக்கும். அதைப் பிடிக்க மணிக்கட்டு மேல்நோக்கி மடியும். அப்படியே விட்டு கிரிப்பை மட்டும் மாற்றினால் கட்டைவிரல் பக்கத்து மரப்பு தீரவே தீராது.

இப்போது இறக்கையின் கோணம். முதலில் தரைக்கு இணையாக வைத்து, கையால் திருப்ப முடியாத அளவுக்கு மட்டும் போல்ட்டை இறுக்குங்கள். ஆலன் கீயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு 5 கிலோமீட்டர் ஓட்டுங்கள். மணிக்கட்டின் அடிப்பக்கத்தில் மடிப்பு விழுந்தால் இறக்கையின் பின்விளிம்பு உயரமாக இருக்கிறது, உள்ளங்கை அடிப்பகுதியைத் தூக்கிவிடுகிறது என்று அர்த்தம். உள்ளங்கை பின்னால் வழுக்கி, விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தால் பின்விளிம்பு தாழ்ந்திருக்கிறது. ஒரு தடவைக்கு 2, 3 டிகிரிக்கு மேல் மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் குழாயிலும் கிரிப்பிலும் ஒட்டுநாடாவால் அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் எது நன்றாக இருந்தது என்று மறந்துபோகும். இடது கைக்கும் வலது கைக்கும் கோணம் ஒன்றாகவே அமைய வேண்டும் என்பதும் இல்லை.

கோணம் பிடிபட்டதும் கடைசி இறுக்கம். எவ்வளவு என்று கிளாம்ப்பிலோ அட்டையிலோ அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் குட்டை ஆலன் கீயின் சிறிய கையைப் பிடித்து இறுக்கினால் மிகையாகப் போகாது. கார்பன் ஹேண்டில்பார் என்றால் அதன் உற்பத்தியாளர் அனுமதிக்கும் அளவை மீறக் கூடாது, பிடிமானப் பசையும் தடவ வேண்டும். பிறகு முன்சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, இறக்கையை முழுப் பலத்தோடு கீழே அழுத்துங்கள். ஒரு மி.மீ. கூட நகரக் கூடாது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது உடம்பின் பாரம் முழுக்க இறக்கை மேல் விழும். வட்ட கிரிப் திரும்பினால் எரிச்சல்தான் வரும், இறக்கை திரும்பினால் கை நழுவி ஆளே விழுவார். குழாய் முனையில் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். திறந்த குழாய் விழும்போது வயிற்றில் குத்தும்.

கையுறையோடு சேர்த்துப் போடலாமா என்ற கேள்விக்குப் பதில்: மெல்லியதாக இருந்தால் போடலாம். தடிமனான ஜெல் கையுறையும் இறக்கை கிரிப்பும் சேர்ந்தால் பிடியின் சுற்றளவு கூடி, விரல்கள் அதைச் சுற்றி வளைய சிரமப்பட்டு இன்னும் இறுக்கும். முன்கை வலி அதிலிருந்து வருவதுதான். கையுறையில் ஜெல் எங்கே இருக்கிறது என்பது அதன் தடிமனைவிட முக்கியம். சுண்டு விரல் பக்கத்து மேட்டிலும் கட்டைவிரல் மேட்டிலும் தனித்தனித் திட்டாக, நடுவில் பள்ளம் விட்டு இருக்க வேண்டும். உள்ளங்கை முழுக்க ஒரே திட்டாக ஜெல் வைத்தவை நரம்பு போகும் இடத்தையே போய் அழுத்தும். ஆனால் வியர்வையை உறிஞ்சவாவது சென்னையில் கையுறை வேண்டும். ஆறரை மணிக்கெல்லாம் வெறும் கை ரப்பரில் வழுக்க ஆரம்பித்துவிடும், வழுக்குகிற கை தன்னையறியாமல் இறுக்கிப் பிடிக்கும்.

குறைகள் என்ன? முக்கியமான குறை, கை வைக்க ஒரே ஒரு இடம்தான். இறக்கை உங்களை அந்த ஒரு நிலையில் பூட்டிவிடுகிறது. அரை மணி நேரம் அலுவலகம் போய்வர இது போதும். கோவளம் தாண்டிக் கடற்காற்றை எதிர்த்து மிதிக்கிறவர்களுக்குப் போதாது, கொம்பு சேர்ந்த மாடல்தான் சரி. குட்டைக் கொம்பு இருந்தாலே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையைக் கைகுலுக்குவதுபோலத் திருப்பி வைக்க முடியும், நரம்புக்கு ரத்தம் ஓட அந்த இடைவெளி போதும். நின்றபடி மிதிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இறக்கை இடைஞ்சல். மண் பாதையில் வண்டியைத் தூக்கித் தூக்கி ஓட்டுபவர்களுக்கும் அப்படித்தான், அவர்களுக்கு வட்ட கிரிப்பே மேல். வளைந்த ஹேண்டில்பார் கொண்ட ரோடு பைக்கில் இது பொருந்தாது. அங்கே ஹேண்டில்பாரைச் சுற்றும் 3 மி.மீ. தடிமன் பார் டேப்பும், பிரேக் லீவரின் ரப்பர் பிடியான ஹூட்டைச் சற்று மேலே திருப்பி மணிக்கட்டை நேராக்குவதும்தான் வழி.

ஹேண்டில்பார் 660 மி.மீ.க்கு மேல் அகலமாகவும் உங்கள் தோள் குறுகலாகவும் இருந்தால், இறக்கையும் கைகொடுக்காது. கை விரிந்து மணிக்கட்டு பக்கவாட்டில் மடிவதால் பாரம் இறக்கையின் ஓரத்தில்தான் விழும். குழாயை அறுப்பதற்கு முன் கிரிப், லீவர் எல்லாவற்றையும் இரு பக்கமும் 10 மி.மீ. உள்ளே நகர்த்தி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் அறுக்கலாம், அறுத்ததை ஒட்ட முடியாது.

பராமரிப்பில் வெயிலும் வியர்வையும்தான் எதிரி. அடுக்குமாடி வண்டி நிறுத்தத்தில் நேர் வெயிலில் நிற்கிற சைக்கிளில் ரப்பர் பிசுபிசுப்பாகும், நகல்களில் இன்னும் சீக்கிரம். சன்ஸ்கிரீன் தடவிய கையோடு பிடித்தால் அது விரைவுபடும். வாரம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பை மிகக் குறைவாகக் கலந்த தண்ணீரில் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். வியர்வை உப்பு கிளாம்ப் போல்ட்டில் துருவேற்றும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றித் துடைத்து, மரையில் மட்டும் துளி கிரீஸ் வைத்து மறுபடி அதே அளவுக்கு இறுக்குங்கள். குழாய் மேல் கிரீஸ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.