குழிந்த முகமா, இரட்டை மூக்கா?

ரோமானிய நாணயங்களில் அடிப்புப் பிழை உள்ள ஒன்றை வாங்குவதென்றால், என் ஓட்டு முகம் குழிந்த காசுக்குத்தான். அடித்த காசு சில நேரம் மேலச்சிலேயே, அதாவது மேலிருந்து உருவம் பதிக்கும் அச்சிலேயே, ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையை (உருவம் பதியாத உலோகத் துண்டை) வைத்துச் சம்மட்டியால் அடித்துவிடுவார்கள். ஒரு பக்கம் பேரரசரின் தலை புடைப்பாக, மறுபக்கம் அதே தலை இடவலம் மாறிக் குழிவாக. எழுத்துகளும் வலமிருந்து இடமாக ஓடும். அடி விழ விழ ஒட்டிய காசு நசுங்குவதால், அடுத்தடுத்த வில்லைகளில் முகம் அகன்றுகொண்டே போகும்.

இரட்டை அடி என்பது, முதல் அடிக்குப் பிறகு வில்லை லேசாக நகர்ந்ததால் வருவது. ஒரே முகத்துக்கு இரண்டு மூக்கு! சுலபமாகக் கிடைக்கும். அப்புறம், பேரரசர் கான்ஸ்டன்டைன் கால வெண்கலக் காசுகளில், எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறி பின்பக்கத்தின் அடியில் இருக்கும். இரட்டை அடியில் அது பெரும்பாலும் சிதையாமல் தப்பிவிடும். குழிமுகத்தில் பின்பக்கமே கிடையாது. அடித்த ஊர் டிரியரா, அந்தியோக்கியாவா என்று சொல்வது கடினம். சரி, இருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.