சூட்டில் நின்ற பழைய கார்: குற்றவாளி காயிலா, ஏ.சி. பம்ப்பா?

அம்பாசடரோ, பத்மினியோ, இன்ஜெக்‌ஷன் வருவதற்கு முந்தைய மாருதி 800-ஓ, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் கார்களுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. வெயிலில் முக்கால் மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு நின்றுவிடும். செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் சமர்த்தாகக் கிளம்பும். இதைக் கேட்டதுமே எல்லார் வாயிலும் வருவது "ஏர் லாக்", அதாவது பெட்ரோல் பாதையில் அடைப்பு. ஏ.சி. பம்ப்பை மாற்றுவார்கள், அடுத்த வாரம் அதே மேம்பாலத்தில் வண்டி மறுபடி நிற்கும். சூடேறினால் செத்து, ஆறினால் உயிர்பெறுகிற இன்னொரு பொருளும் பானட்டுக்குள் இருக்கிறது. அதுதான், பேட்டரியின் வோல்ட்டை உயர்த்தி பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில்.

(ஏ.சி. பம்ப் என்றதும் குளிர்சாதனத்தை நினைக்க வேண்டாம். இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு, கேம் ஷாஃப்ட் தள்ளத் தள்ள டயாஃபிரம் என்ற சவ்வு அசைந்து பெட்ரோலை இழுக்கும் மெக்கானிக்கல் பம்ப்புக்கு ஒர்க்‌ஷாப்பில் வழங்கும் பெயர் அது.)

இரண்டையும் பிரித்துப் பார்க்க முதல் தடயம் வண்டி நின்ற விதம். காயில் போனால் சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் ஒரே நொடியில் இன்ஜின் அடங்கும். சில சமயம் அதற்கு முன் ஓரிரு முறை 'டப்' என்று சைலன்சரில் வெடிக்கும். பெட்ரோல் வராவிட்டால் அப்படிச் சட்டென்று நிற்காது. கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருப்பது தீரும்வரை இழுவை குறைந்து, திக்கித் திணறி, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் மோசமாகி, 200, 300 மீட்டர் நொண்டிய பிறகே நிற்கும். ஓட்டியவருக்கு இது நினைவிருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியை வண்டி நின்ற முதல் பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து பானட்டைத் திறந்தால் காயிலும் ஆறியிருக்கும், பம்ப்பும் ஆறியிருக்கும், எதைச் சோதித்தாலும் நல்லதாகவே தெரியும். ஆறிய வண்டியில் செய்யும் சோதனையால் இந்த வியாதிக்குப் பயன் இல்லை.

முதலில் கரண்ட். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியின் நடுவில் செருகியிருக்கும் தடித்த வயரை உருவி, துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப்பில் பிடித்து, அதன் முனை இன்ஜின் இரும்புக்கு 6 மி.மீ. தள்ளி நிற்கும்படி வைத்துக்கொண்டு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 'சட் சட்' என்று பொறி நீலமாக அடித்தால் காயில் குற்றமற்றது. மஞ்சளாக, நூல்போல மெலிந்து வந்தாலோ வராமலே போனாலோ சந்தேகம் காயில் பக்கம் திரும்புகிறது. பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் இந்தச் சோதனை கூடாது. எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட வண்டியிலும் வயரை இப்படி அந்தரத்தில் விடாதீர்கள், அதன் எலெக்ட்ரானிக் பெட்டியான மாட்யூல் போய்விடும். பழைய பிளக் ஒன்றைச் செருகி அதன் உடம்பை இரும்பில் அழுத்தி வைத்துப் பாருங்கள்.

அடுத்து பெட்ரோல். ஏர் கிளீனர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் லிங்க்கைக் கையால் ஒரு முறை முழுதாக இழுங்கள். இன்ஜினைச் சுற்ற வேண்டியதில்லை. உள்ளே ஊசி மாதிரி ஒரு பீச்சல் தெரிந்தால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. வறண்டிருந்தால் பம்ப், ஹோஸ், ஃபில்டர், டேங்க் என்று பின்னோக்கிப் போக வேண்டும். பீச்சலும் இருந்து கரண்டும் நீலமாக அடித்தால், கிண்ணத்துப் பெட்ரோல் சூட்டில் கொதித்து வழிந்து பிளக்கை நனைத்திருக்க வாய்ப்பு அதிகம். அம்பாசடரில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (புகை வெளியேறும் சூடான குழாய்) ஒரே பக்கத்தில் இருப்பதால் இது சகஜம். சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்தபடி 8, 10 விநாடி செல்ஃப் அடித்தால் கிளம்பிவிடும். மிதித்து மிதித்து விட்டால் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே இறங்கும்.

மீட்டரும் டெஸ்ட் லாம்ப்பும் இல்லாதவருக்கு ஓர் ஈரத்துணி போதும். ஆனால் எல்லாரும் அதைத் தப்பாகத்தான் பயன்படுத்துகிறார்கள். பம்ப், கார்புரேட்டர், காயில் எல்லாவற்றின் மேலும் தண்ணீரை ஊற்றினால் வண்டி கிளம்பும். எது ஆறியதால் கிளம்பியது என்பது தெரியாமலே போகும். துணியை நனைத்துப் பிழிந்து பம்ப்பின் மேலும் அதற்கு வரும் பைப்பின் மேலும் மட்டும் சுற்றுங்கள். மூன்று நிமிடம் பொறுத்து செல்ஃப் அடியுங்கள். பிடித்தால் ஏர் லாக்தான். பிடிக்காவிட்டால் அதே துணியைக் காயிலின் உடம்பைச் சுற்றி வையுங்கள். தலையில் உள்ள டெர்மினல்களில் ஈரம் படக்கூடாது, சாவி அணைந்திருக்க வேண்டும். இப்போது பிடித்தால் குற்றவாளி காயில். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடும், கவனம்.

ஏர் லாக் என்று பெயர் வந்துவிட்டதே தவிர உள்ளே இருப்பது காற்று இல்லை, பெட்ரோல் ஆவி. டேங்க் பின்னால், பம்ப் முன்னால். அவ்வளவு தூரம் உறிஞ்சி இழுப்பதால் பைப்புக்குள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். பம்ப்போ சூடான பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆவி நிறைந்த பிறகு டயாஃபிரம் அதை அமுக்கி அமுக்கி விடுகிறதே ஒழிய எதையும் தள்ளுவதில்லை. கொல்லிமலையின் 70 ஊசிமுனை வளைவுகளில் இரண்டாவது கியரில் ஏறும்போதும், நெரிசலில் ஊர்ந்துவிட்டு இன்ஜினை அணைத்த அடுத்த பத்து நிமிடத்திலும் இது வருவது அதனால்தான். ஃபேனும் தண்ணீர் ஓட்டமும் நின்றதும் பானட்டுக்குள் சூடு குறையாது, ஏறும்.

காயில் சூட்டில் சாகும் விதம் வேறு. உள்ளே மயிரிழைக் கம்பியின் காப்பு நைந்திருக்கும். சூட்டில் கம்பி விரிந்து ஓரிடத்தில் அறுபடும் அல்லது உள்ளுக்குள்ளேயே பொறி கசியும். மீட்டரில் பிரைமரி (தடித்த கம்பிச் சுற்று) சுமார் 3 ஓம், செகண்டரி (மெல்லிய கம்பிச் சுற்று) பெரும்பாலும் 6,000 முதல் 12,000 ஓம் வரை காட்டும். சூட்டில் அளந்து முடிவிலி காட்டினால் சந்தேகமே வேண்டாம். ஆனால் சரியான எண்ணைக் காட்டினாலும் காயில் நல்லது என்று நம்பிவிடாதீர்கள். மீட்டரின் சின்ன வோல்ட்டுக்குக் கசியாத காப்பு ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்குக் கசியும். நல்ல காயில் ஒன்றை அங்கேயே மாட்டிப் பார்ப்பதுதான் தீர்ப்பு. இரண்டு சின்ன வயர், ஒரு தடித்த வயர், ஐந்து நிமிட வேலை.

காயிலைக் கொல்வது பெரும்பாலும் நாம்தான். 3 ஓம் காயிலில் 12.6 வோல்ட் பாய்ந்தால் 4 ஆம்பியருக்கு மேல் ஓடும், கிட்டத்தட்ட 50 வாட் சூடு. பாயிண்ட் (காயிலின் கரண்ட்டை விட்டு விட்டு அறுக்கும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள ஸ்விட்ச்) மூடிய நிலையில் இன்ஜின் நின்று, பாட்டுக் கேட்கச் சாவியை ஆனில் விட்டால் அது வெந்துகொண்டே இருக்கும். கடையில் கொடுத்தார்கள் என்று பலாஸ்ட் ரெசிஸ்டருக்கான (காயிலுக்குப் போகும் கரண்ட்டைக் குறைக்கும் தடை) 1.5 ஓம் காயிலை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் இரட்டிப்பு கரண்ட். பாயிண்ட்டும் கருகும், காயிலும் போகும். புதுக் காயில் இரண்டே மாதத்தில் போகிறதென்றால் முதலில் ஓம் அளந்து பாருங்கள்.

மற்ற சந்தேகப் பேர்வழிகளைச் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து செல்ஃப் அடிக்கும்போது பாயிண்ட் முனையில் பெரிதாகப் பொறி பறந்தால், அந்தப் பொறியை அடக்கும் கண்டென்சர் பழுது. செல்ஃப் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால் பலாஸ்ட் ரெசிஸ்டர் அல்லது சாவி ஸ்விட்ச். டேங்க் மூடியைத் திறக்கையில் 'உஸ்' என்று காற்று உள்ளே போய், பிறகு கிளம்பினால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. மாருதியில் மிதித்தால் ஓடி, விட்டால் நின்றால் கார்புரேட்டர் சோலனாய்டு. சாவி போட்டதும் 'டிக்' என்று கேட்க வேண்டும்.

நோய் தெரிந்தபின் மருந்திலும் போட்டி உண்டு. பாயிண்ட்டைத் தூக்கிவிட்டு எலெக்ட்ரானிக் கிட் போடலாமா? கிட் போட்டால் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை ஃபீலர் கேஜ் வைத்து 0.4 மி.மீ. இடைவெளி பார்க்கும் வேலை போகும், ஸ்டார்ட்டிங் சீராகும். பாயிண்ட் கெட்டால் தீப்பெட்டி உரசும் பக்கத்தால் தேய்த்தாவது வீடு வந்து சேரலாம். கிட் போனால் இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும். தினம் ஓடும் வண்டிக்குக் கிட் நல்லது, பழைய பாயிண்ட் பிளேட்டை கண்டென்சரோடு டிக்கியில் வைத்திருந்தால். மாதம் இரண்டு முறை மட்டும் வெளியே வரும் வண்டிக்குப் பாயிண்ட்டே போதும். காயில் பிரச்சினைக்குக் கிட் மருந்தே அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எலெக்ட்ரிக் பம்ப்பா, ஏ.சி. பம்ப்பா என்ற கேள்விக்கும் இதே மாதிரிதான். எலெக்ட்ரிக் பம்ப்பை டேங்க் அருகே, டேங்க்கின் அடிமட்டத்துக்குக் கீழே வைத்தால் உறிஞ்சும் தூரம் ஓரடி ஆகிவிடும். மீதி பைப் முழுக்க அழுத்தத்தில் இருப்பதால் ஆவி அடைப்பு அநேகமாக ஒழியும். மலை ஏறுகிறவர்களுக்கு இது சரியான தீர்வு. ஆனால் இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப்பைத் தெரியாமல் மாட்டுகிறார்கள். கார்புரேட்டருக்கு 2 முதல் 4 பி.எஸ்.ஐ. போதும், அதைத் தாண்டினால் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வ் தாங்காமல் பெட்ரோல் வழிந்து மேனிஃபோல்டில் இறங்கும். ரிலே, ஃபியூஸ், கூடவே ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாகத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்தில் இன்ஜின் நின்ற பிறகும் அறுந்த ஹோஸ் வழியே பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

ஊருக்குள் ஓடும் வண்டிக்கு ஏ.சி. பம்ப்பை மாற்றத் தேவையில்லை. பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள தடித்த காப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது கழற்றியபோது காகித கேஸ்கெட் மட்டும் வைத்து மூடியிருப்பார்கள். பைப் எக்ஸாஸ்ட்டைத் தொட்டால் தள்ளிக் கட்டுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஹோஸ் ஊறி இளகி, உறிஞ்சும் பக்கம் காற்றை இழுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸுக்கு மாறிவிடுங்கள். பிறகு டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் டயாஃபிரம் கிழிந்து பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்குகிறது. அப்போது பம்ப்போடு ஆயிலையும் மாற்றிவிட்டுத்தான் அடுத்த செல்ஃப்.