பத்து ரூபாய் மனு: சேலத்தில் எவ்வளவு தூரம் போகும்?

விலை 10 ரூபாய், தபால் செலவு தனி. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தப் பத்தும் கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்ட (ஆர்டிஐ) மனு என்ற இந்தச் சேவை 2005 அக்டோபர் 12-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. டவுன் பஸ், ஏற்காடு மலைப்பாதை, இலங்கைத் தமிழர் முகாம் என்று சேலம் மாவட்டத்தின் மூன்று விவகாரங்களில் இதை வைத்துப் பார்த்தால், மூன்றிலும் மூன்று விதமாக வேலை செய்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முதல்வரின் உதவி மையமான 1100 எண்ணிலும் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் வேலை நடக்கக் கேட்கலாம். ஆர்டிஐயில் காகிதம்தான் கேட்க முடியும். "எங்கள் ஊருக்கு பஸ் விடுங்கள்" என்று ஆர்டிஐ போட்டால் பஸ்ஸும் வராது, உருப்படியான பதிலும் வராது. இரண்டையும் கோத்துவிடுவதுதான் சரி. திங்கட்கிழமை மனு கொடுத்து எண் வாங்குங்கள். ஒரு மாதம் பொறுங்கள். பிறகு, "இந்த எண்ணுள்ள மனு மீது எடுத்த நடவடிக்கை, கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்" என்று ஆர்டிஐ போடுங்கள். மனு எந்த மேசையில் தூங்குகிறது என்பது தேதியோடு தெரிந்துவிடும்.

மனுவுக்குத் தனிப் படிவம் எதுவும் தேவையில்லை. வெள்ளைத்தாளில் பிரிவு 6(1) என்று தலைப்பிட்டு, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். இது மாநில அரசு அலுவலகங்களுக்கு மட்டும். ரயில்வேக்கோ தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கோ கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் செல்லாது. போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும், அல்லது மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்தில் 3,000 எழுத்துக்குள் முடிக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, பிரிவு 6(2) அதைத் தெளிவாகவே சொல்கிறது. பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள். 30 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

பஸ் விஷயத்தில் இந்தச் சேவை நன்றாகவே உழைக்கிறது, கேள்வியைச் சரியாகப் போட்டால். 2021 மே மாதம் பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் இலவசப் பயணம் வந்தது. அதற்குப் பிறகு டிரிப் குறைந்துவிட்டது என்ற பேச்சு பஸ் ஸ்டாண்டில் நிற்கிற எல்லோரிடமும் உண்டு. "இலவசப் பயணத்தால் டிரிப்பைக் குறைத்தீர்களா?" என்று கேட்டால், அது கருத்து, தகவல் அல்ல என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். சட்டப்படி அதில் தப்பும் இல்லை. இப்படிக் கேளுங்கள்: இந்தத் தட எண்ணில், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, ஒரு நாளைக்கு இயக்க வேண்டிய சிங்கிள் (ஒருவழி டிரிப்) எத்தனை, இயக்கியது எத்தனை, கட் ஆன சிங்கிளுக்கு டெப்போ பதிவேட்டில் எழுதியிருக்கும் காரணம் என்ன, பெண்களுக்குக் கொடுத்த கட்டணமில்லா டிக்கெட் எத்தனை. மூன்று மாதத்துக்கு மேல் போகாதீர்கள். ஐந்து வருடக் கணக்கைக் கேட்டால், தொகுத்துத் தர ஆள் பலம் போதாது என்று பிரிவு 7(9)-ஐக் காட்டுவார்கள். அந்தப் பிரிவு தகவலை வேறு வடிவில் தரச் சொல்கிறதே ஒழிய, மறுக்கச் சொல்லவில்லை.

சேலத்தில் தனியார் டவுன் பஸ்ஸும் ஏராளம். தனியார் முதலாளியிடம் ஆர்டிஐ போட முடியாது என்பது உண்மை. ஆனால் பர்மிட்டும் டைமிங் அட்டவணையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இருக்கின்றன. அங்கே கேட்டால் கிடைக்கும். 2025-ல் வந்த புதிய மினி பஸ் திட்டத்தின் தடங்களுக்கும் அதே அலுவலகம்தான். காலை ஆறரை வண்டி காகிதத்தில் மட்டும் ஓடுகிறதா என்று பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

அடுத்து மலைப்பாதை. இருபது கொண்டை ஊசி வளைவு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து, வண்டிகள் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. பருவநிலை மாறி மழை ஒரே நாளில் கொட்டும் காலத்தில், தடுப்புச் சுவர் எப்படிக் கட்டப்பட்டது என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. இந்தச் சேவையின் மிகச் சிறந்த அம்சமும் யாரும் தொடாத அம்சமும் இங்கேதான் இருக்கிறது: நகல் கேட்பதை விட்டுவிட்டு, கோப்பையும் பணியையும் நேரில் பார்வையிடக் கேட்பது. பிரிவு 2(j) அதற்கு இடம் தருகிறது. பக்கத்துக்கு 2 ரூபாய் கொடுத்து நானூறு பக்கம் வாங்குவதைவிட, முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லாமல் பார்த்து, வேண்டிய பத்துப் பக்கத்தை மட்டும் நகலெடுப்பது புத்திசாலித்தனம். அதே பிரிவு, பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்கவும் உரிமை தருகிறது. கான்கிரீட் துண்டைக்கூடக் கேட்கலாம்!

கேட்க வேண்டியது மாநில நெடுஞ்சாலைத் துறையின் சேலம் கோட்டத்தில்: மதிப்பீடு, ஒப்பந்தம், எம் புக் (முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவைப் புத்தகம்), தரக் கட்டுப்பாட்டு அறிக்கை. எம் புக்கில் பார்க்க வேண்டியது வீப் ஹோல், அதாவது தண்ணீர் வடியும் துளைகளின் எண்ணிக்கை. தடுப்புச் சுவர் பெரும்பாலும் மண்ணின் எடையால் மட்டும் சாய்வதில்லை. பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தம் சேரும்போதுதான் சாய்கிறது. சுவரில் விடும் குழாய்த் துளைகளும் அவற்றுக்குப் பின்னே போடும் ஜல்லி அடுக்கும்தான் அந்தத் தண்ணீரை வெளியேற்றும். துளையை ரோட்டில் நின்றே எண்ணிவிடலாம். ஜல்லி அடுக்கு சுவர் எழுந்த பிறகு கண்ணுக்குத் தெரியாது, எனவே அதற்கு எம் புக்கும் தர அறிக்கையும்தான் சாட்சி. இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால் அடுத்த திங்கட்கிழமை மனுவுக்கு விஷயம் தயார்.

பருவநிலை என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் தேறாது. மாவட்டப் பருவநிலை மாற்ற இயக்கத்துக்குக் கலெக்டர்தான் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் பருவநிலை அலுவலர். கூட்டம் நடந்த தேதிகளும் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளும் கேளுங்கள். எத்தனை கூட்டம் என்ற எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

முகாம் விஷயத்தில்தான் சேவை பாதியிலேயே நின்றுவிடுகிறது. பவளத்தானூர், குறுக்குப்பட்டி, நாகியம்பட்டி மாதிரியான முகாம்களில் இருக்கும் பெரும்பாலோர் இந்த மனுவைப் போடவே முடியாது. பிரிவு 3 "குடிமக்கள் அனைவருக்கும்" என்றுதான் சொல்கிறது. கூரை ஒழுகுகிறவருக்கு உரிமை இல்லை, பக்கத்துத் தெருக்காரருக்கு உண்டு. எனவே உள்ளூர்க்காரர் ஒருவர் தன் பெயரில் போட வேண்டும். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் குடியுரிமைச் சட்டப்படி பிறப்பாலேயே குடிமக்கள் என்றாலும், பிறப்புச் சான்றிதழை வைத்து அதை நிலைநாட்டுவது தனிப் போராட்டம்.

2021 ஆகஸ்டில் மாநில அரசு 317.40 கோடி ரூபாய்க்குத் திட்டங்களை அறிவித்தது. அதில் 7,469 வீடுகள் கட்டுவதும் அடக்கம். மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 ரூபாய் என்று உயர்ந்தது. இந்த அறிவிப்பை அளவுகோலாக வைத்து முகாம்வாரியாகக் கேளுங்கள்: அனுமதித்த வீடு, முடிந்த வீடு, ஒப்படைத்த தேதி, பணக்கொடை வழங்கிய தேதி. முகாமைக் கண்காணிக்கும் கியூ பிரிவுக்கு அனுப்பாதீர்கள். காவல்துறையின் உளவுப் பிரிவுகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. வருவாய்த் துறைக்கும் மறுவாழ்வுத் துறைக்கும் எழுதுங்கள்.

பெயர்ப் பட்டியல் மட்டும் வேண்டாம். 2025 நவம்பரில் பிரிவு 8(1)(j) திருத்தம் நடைமுறைக்கு வந்தபின், தனிநபர் விவரம் என்ற ஒரே சொல்லில் மறுக்க வழி பிறந்துவிட்டது. பொதுநலன் கருதித் தரலாம் என்கிற 8(2) இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் அது மேல்முறையீட்டில் வாதாட வேண்டிய சங்கதி. பெயர் வெளியே போனால் சிரமப்படப்போவதும் முகாம்காரர்கள்தான். எண்ணிக்கை போதும்.

பதில் வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, கட்டணம் இல்லை. மறுப்புக் கடிதத்தில் மேல்முறையீட்டு அலுவலர் யார் என்ற விவரம் இருக்க வேண்டும் என்பது பிரிவு 7(8). அது இல்லாத கடிதமே குறையுள்ள கடிதம், அதையே முதல் காரணமாக எழுதலாம். பலரும் இந்தப் படியை ஏறாமலேயே "ஆர்டிஐ வேஸ்ட்" என்று விட்டுவிடுகிறார்கள். இதற்கு மேல் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். அங்கே காத்திருப்பு நீளம். தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம். அதைத் துறை கட்டாது, அலுவலர் சம்பளத்தில்தான் கை வைக்கும். 30 நாள் தாண்டிய தகவலுக்கு நகல் கட்டணமும் கிடையாது, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கேட்டுக் கடிதம் வந்தால் பிரிவு 7(6) என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள்.