‘கசங்காத லினன்’னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க

மே மாசம் சின்ன மச்சானுக்குக் கல்யாணம். பொண்ணு வீடு சென்னைங்கறதால நம்ம ஊரு மண்டபம் எதுவும் வேண்டாம்னுட்டாங்க. மாமல்லபுரம் பக்கம் கடலோர ரிசார்ட்டு, திறந்த புல்வெளியில முகூர்த்தம். வீட்டு ஆம்பளைங்க அஞ்சு பேருக்கும் ஒரே கலர்ல லினன் சட்டைன்னு முடிவாச்சு. எடுக்கற பொறுப்பு என் தலையில.

ஈரோட்டுக்காரனுக்குத் துணி பாக்கத் தெரியாதாங்கற தெனாவெட்டு வேற. போனது சந்தைக்கு இல்லீங்க, ஏசி போட்ட ஒரு கடைக்கு.

“ஏனுங்ணா, இது சுத்தமான லினனுங்களா?”

“நூறு பர்சன்ட்டுங்ணா. அதுலயும் இது கசங்காத லினன். கார்ல எத்தனை மணி நேரம் உக்காந்து போனாலும் அப்படியே இருக்கும்.”

அங்கயே எந்திரிச்சிருக்கோணும். லினன் ஆளிச்செடித் தண்டு நார்ல செய்யறது. ஒரு முனையைக் கைக்குள்ள இறுக்கிப் புடிச்சு விட்டா கோடு கோடா மடிஞ்சு நிக்கும், அதான் அதோட குணம். கசங்கவே இல்லைன்னா பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்திருக்கும். சட்டைக்கு 1.6 மீட்டர் கணக்குல 8 மீட்டர், மீட்டர் 650 ரூபா, ஆக 5,200. தையக்கூலி சட்டைக்கு 450. மாமனாருக்கு அதே கடையில ‘பட்டு’ வேட்டி, துண்டு செட்டு 2,400.

கார்ல ஏழு மணி நேரம் போய் இறங்கியும் சட்டையில ஒரு மடிப்பு இல்லை. “பாத்தீங்களா மாமா, எப்படி எடுத்தேன்!”னு பெருமை வேற பேசினேன். இப்ப நினைச்சா கூச்சமா இருக்குது.

நம்ம பக்கம் வெயில் 40 டிகிரி தாண்டினாலும் காத்து வறண்டது, வேர்த்த வேர்வை காஞ்சிரும். கடலோரம் அப்படி இல்லை. வெயில் அளவு குறைவாவே இருந்தாலும் ஈரக்காத்துல வேர்வை காயறதே இல்லை. பருத்தியும் லினனும் அந்த ஈரத்தை இழுத்துக்கும், பாலியஸ்டர் இழுக்காது. எட்டு மணிக்கெல்லாம் எங்க அஞ்சு பேரு முதுகும் ஒட்டிப் போச்சு. சாம்பல் கலர் வேற, ஈரத்திட்டு தார் ரோட்டுல எண்ணெய் கொட்டின மாதிரி தெரிஞ்சுது. போட்டோகிராபரே “கொஞ்சம் துடைச்சுட்டு வாங்க சார்”னார். எங்கப்பா மட்டும் எட்டு முழ பருத்தி வேட்டி, வெள்ளை அரைக்கைச் சட்டை, உள்ள திருப்பூர் பருத்தி பனியன்னு வழக்கம்போல வந்து விசிறியோட நிம்மதியா உக்காந்திருந்தார். வெள்ளையில வேர்வைத் திட்டும் அவ்வளவா தெரியாது.

குட்டு உடைஞ்சது குத்துவிளக்குல. மாமனார் குனிஞ்சு திரி ஏத்தறப்ப துண்டு நுனி சுடர்ல பட்டுருச்சு. பட்டுன்னா முடி கருகற வாடை வந்து, தொட்டாப் பொடியா உதிரும். இது உருகிச் சுருண்டு மிளகு சைஸுக்குக் கறுப்பு மணியாக் கெட்டிச்சுது. தட்டிவிடப் போன அவர் விரல்ல ஒட்டி ஒரு கொப்புளம். நல்லவேளை அதோட போச்சு.

ஊருக்கு வந்ததும் சட்டைத்துணி வெட்டுல மீந்த துண்டுல நாலு நூலை உருவிக் கொளுத்திப் பாத்தேன். லினனா இருந்தா காகிதமாட்டம் எரிஞ்சு சாம்பலாகியிருக்கோணும். இதுவும் அதே மணி.

கடைக்குப் போனா, “லினன் மாதிரின்னுதானுங்ணா சொன்னோம்”ங்கறாங்க. குடுத்த சீட்டுல ‘எஸ்டிமேட்’, ‘சட்டைத்துணி 8 மீ’ அவ்வளவுதான். குறையுள்ள பொருளை பில்லுல போட்ட கெடுவுக்குள்ள, கெடு போடலைன்னா 30 நாளைக்குள்ள திரும்ப வாங்க மறுக்கறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தப்பு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டும் புகார் குடுக்கலாம். ஆனா லினன்னு ஒரு எழுத்து இல்லாத சீட்டை வெச்சுக்கிட்டு நான் எதைக் காட்டறது? அதனால காசு குடுக்கறதுக்கு முன்னாடி ‘100% லினன்’னு பில்லுலயே எழுதச் சொல்லுங்க. இழுத்தாங்கன்னா அடுத்த கடை. துணிச்சுருளோட கரை ஓரத்துல என்ன நூல்னு அச்சடிச்சிருக்குதான்னும் பாருங்க. எனக்கு வெட்டறப்ப அந்த ஓரத்தை உள்பக்கமாவே மடிச்சுப் புடிச்சிருந்தாங்க.

சட்டையைக் கிழிச்சு வண்டி துடைக்க வெச்சேன். அதுக்கும் ஆகலை, தண்ணியை இழுக்கவே மாட்டேங்குது.