விடிகாலை டியூட்டியா, ராத்திரி டியூட்டியா?

பெருங்குடியில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி விமானி. காலை ஆறு மணி விமானம் என்றால் மூன்றரைக்கு எழ வேண்டும். எட்டு மணிக்கே படுத்தாலும் உடம்பு அந்நேரம் தூங்க மறுக்கும். புரண்டு படுத்ததுதான் மிச்சம். விடிகாலை டியூட்டி சுலபம் என்று நினைப்பது தப்பு. அடுத்தடுத்து மூன்று நாள் வந்தால் தூக்கக் கடன் ஏறிக்கொண்டே போகும்.

ஆனாலும் ராத்திரி டியூட்டிதான் ஆபத்து என்பேன். 2 மணியிலிருந்து 6 மணி வரை உடல் கடிகாரம் விழிப்பை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். 2010 மே 22 அன்று, நள்ளிரவுக்குப் பின் துபாயில் கிளம்பி காலை ஆறு மணியளவில் மங்களூரில் இறங்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் பலியானார்கள். கேப்டன் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கியதையும், எழுந்தபின் விலகாத தூக்கக் கலக்கத்தையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

பகலில் தூங்கி ஈடுகட்டலாமே என்பார்கள். சித்திரை வெயிலில், தெருமுனை ஒலிபெருக்கிச் சத்தத்தில், ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை கட்டிப் படுத்தும் தூக்கம் வராமல் அந்தத் தம்பி மாடியில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

2024 ஜனவரியில், விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ அறிவித்த விதிகள் விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணி நேரமாக்கின. ஒரு இரவு டியூட்டியில் அதிகபட்சத் தரையிறக்கங்களை 6இலிருந்து 2 ஆகக் குறைத்தன. இதில் இரண்டாவதை யாரும் தளர்த்திவிடக் கூடாது.