பெங்களூரு, சென்னை, மாந்தோப்பு வீடு: முதல் ஆல்பத்தை எங்கே பதிவது?

எங்கள் பேண்டில் நான்கு பேர். தருமபுரி நாலு ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய புளி குடோனில்தான் ஒத்திகை. ஒன்பது பாட்டு தயாராக இருக்கிறது. எங்கே பதிவது என்று மாதக்கணக்கில் பேசிப் பேசித் தீரவில்லை. கடைசியில் ஒரே பாட்டை மூன்று இடத்திலும் பதிந்து கேட்டுப் பார்த்துவிடுவது என்று கிளம்பினோம்.

முதலில் காவேரிப்பட்டணம் பக்கம், பேஸ் (அடிக்குரல் கிட்டார்) வாசிப்பவனுடைய மாமாவின் மாந்தோப்பு வீடு. வாடகை கிடையாது, சோறும் அங்கேயே. ஆசைப்பட்டுத்தான் போனோம். ஆனால் அது டைல்ஸ் தரையும் பத்தடி உயரத் தளமும் உள்ள வீடு. கை தட்டினால் ஓசை சுவருக்குச் சுவர் மோதி 'ட்ரிங்' என்று நடுங்குகிறது. அதைப் போர்வை தொங்கவிட்டு அடக்கினோம். அடங்காதது பேஸ். ஒலி தரையிலிருந்து தளத்துக்குப் போய்த் திரும்ப 20 அடி. அந்த நீளமுள்ள அலை 56 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 56 அதிர்வு, பக்கம் வருகிறது. பேஸ் கிட்டாரின் ஏ கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். எங்கள் பாட்டோ ஏ-யில்தான் நிற்கிறது! அந்த ஒரு சுரம் மட்டும் குடம் போல முழங்க, பக்கத்துச் சுரங்கள் காணாமல் போயின. எந்தப் போர்வையும் இதற்கு உதவாது. போதாததற்கு, ஒரே நேரத்தில் இரண்டு மைக் மட்டுமே செருக முடிகிற, நம்மிடம் இருக்கும் இரண்டு சேனல் பதிவுப் பெட்டியில் டிரம்ஸை ஒழுங்காகப் பிடிக்க வழியில்லை. மே, ஜூனில் போனால் கூழ் ஆலைக்கு மாங்காய் ஏற்றிப் போகும் லாரிகள் வேறு. டெமோவுக்கு அந்த வீடு அருமை, ஆல்பத்துக்கு ஆகாது.

பெங்களூரு சுமார் 130 கி.மீ. ஓசூர் தாண்டியபின் வரும் நெரிசலைப் பொறுத்து மூன்று மணி நேரம். நாங்கள் போன ஸ்டூடியோவில் மரத்தரை, நல்ல உயரமான கூரை. டிரம்ஸில் மட்டும், காலால் அடிக்கும் கிக்குக்கு ஒன்று, நடு முரசான ஸ்னேருக்கு மேலும் கீழும், டாம் முரசு மூன்றுக்கும் தனித்தனி, ஹைஹாட் தாளத்தட்டுக்கு ஒன்று, தலைக்கு மேலே இரண்டு, அறைக்கு இரண்டு என்று பதினோரு மைக் வைத்தார்கள். முதல் அடி ஹெட்போனில் விழுந்ததும் எங்கள் டிரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். தன் டிரம் செட் இப்படிப் பேசும் என்று அவனுக்கே அன்றுதான் தெரியும். நால்வரும் ஒருவர் முகம் ஒருவர் பார்த்து, ஒரே மூச்சில் வாசிக்க இடமிருந்தது. ராக் பாட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டு குறை. ஒன்று, ஊர் பக்கத்திலேயே இருப்பது. மாலை நான்கு மணிக்கே 'எப்ப கிளம்பறீங்க' என்று வீட்டிலிருந்து போன். கடைசி இரண்டு டேக்கிலும் (பாட்டை முழுதாக வாசித்துப் பதிந்த தடவைகளிலும்) கை அவசரப்பட்டது, கேட்டாலே தெரிகிறது. இரண்டு, குரல். இன்ஜினியர் நல்ல மனிதர், ஆனால் தமிழ் தெரியாதவர். பல்லவியில் 'மழை' என்பது 'மலை'யாகவே பதிவாகியிருக்கிறது. அறையில் யாரும் நிறுத்தவில்லை, நாங்களும்தான்.

சென்னையில் அது இரண்டாவது வரியிலேயே நின்றது. "தம்பி, மழை மலையா விழுது. இன்னொரு வாட்டி போலாமா?" என்றார் சாலிகிராமத்து இன்ஜினியர். சினிமாவுக்குப் பாடியவர்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. குரல் அறையும் அப்படித்தான், மூச்சு எடுப்பதுகூடத் துல்லியம். டிரம்ஸுக்கு மட்டும் இடம் போதவில்லை. "ப்ரோக்ராம் பண்ணிக்கலாமே" என்றார் இயல்பாக, டிரம்ஸைக் கம்ப்யூட்டரிலேயே அமைத்துக்கொள்ளலாம் என்று. அங்கே வேலை நடக்கும் விதம் அது, குறை சொல்ல மாட்டேன். எங்கள் பாட்டுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். கடற்காற்றின் ஈரத்துக்கும் ஏசிக்கும் மாறி மாறிப் போனதில் கிட்டார் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது.

தொலைவு தடையில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். லிவர்பூல் பையன்களான பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தின் 14 பாட்டில் பத்தை லண்டனில் 1963 பிப்ரவரி 11-ஆம் தேதி ஒரே நாளில் பதிந்தார்கள். ஏறக்குறைய நமக்குச் சென்னை இருக்கும் தூரம். அன்று ஜான் லெனனுக்குச் சளி. தொண்டை கிழியும் பாட்டைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துப் பாடினார். பல வருடம் கிளப்களில் இரவிரவாக வாசித்த கை அது. அவர்கள் லண்டனுக்குக் கொண்டுபோனது அந்தப் பழக்கத்தை. நமக்கு அந்த வேலை புளி குடோனில் நடக்க வேண்டும்.

என் ஓட்டு இதுதான்: டிரம்ஸ், பேஸ், கிட்டார் பெங்களூரில், நான்கு இரவு அங்கேயே தங்கி. தினம் போய்வரும் பேச்சே வேண்டாம். குரல் முழுவதும் சென்னையில். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற பதிவுத் தரத்தில் பன்னிரண்டு சேனல் என்றால் நான்கு நிமிடப் பாட்டுக்கு ஒரு டேக் 400 எம்பியைத் தாண்டும். ஆகவே ஹார்ட் டிஸ்க் இரண்டு, இரண்டும் வேறு வேறு பையில். மற்ற மூவரில் இருவர் சரி என்றுவிட்டார்கள். பாடுபவன் மட்டும் இன்னும் மாந்தோப்பையே சொல்லிக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை குடோனில் மூன்று பதிவையும் வரிசையாகப் போட்டுக் காட்டப் போகிறேன். அந்த 'மழை'யை அவனே கேட்கட்டும்.